ஜூலை 1-க்கு முன் முடிக்க வேண்டிய கணக்கு

கேள்வி: என்.எச்.எல். (வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) விதிகளை அப்படியே வைத்துக்கொண்டு நண்பர்கள் ஆளுக்கொரு ஐஸ் ஹாக்கி அணியை நிர்வகிக்கும் விளையாட்டு ஆடுகிறோம். 2026–27 சீசனுக்கு என் அணியில் சம்பள வரம்புக்குள் (வீரர்களின் சம்பளத்துக்கு ஓர் அணி செலவிடக்கூடிய உச்சத் தொகை) 1.1 கோடி டாலர் மிச்சம் இருக்கிறது. 23 வயது டிஃபென்ஸ் வீரர், 22 வயது விங்கர் இருவருக்கும் முதல் ஒப்பந்தம் முடிகிறது. ஜூலை 1 அன்று சந்தை திறந்ததும் பெரிய ஃபார்வர்டு ஒருவரைப் பிடித்துவிட்டு, மீதிப் பணத்தில் இவர்களைப் பார்த்துக்கொள்ளலாமா? இவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள்?

பதில்: போவார்கள். இந்த வயதில் உங்கள் கையில் இருப்பது, வேறு அணி தரும் தொகைக்கு ஈடு கொடுத்துத் தக்கவைக்கும் உரிமை மட்டும்தான். ஈடு கொடுக்கப் பணம் இல்லாவிட்டால் அந்த உரிமையை வைத்து என்ன செய்வது?

2024-இல் எட்மன்டன் ஆயிலர்ஸ் நீங்கள் சொல்லும் வழியில்தான் போனது. லீக் பட்டத்துக்கான ஸ்டான்லி கோப்பை இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் தோற்ற சூட்டோடு, ஜூலை 1 அன்று ஜெஃப் ஸ்கின்னரை 30 லட்சம் டாலருக்கும், விக்டர் ஆர்விட்சனை ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் எடுத்தது. இளையவர்களான பிலிப் ப்ரோபெர்க், டிலன் ஹாலோவே ஒப்பந்தங்கள் அப்படியே கிடந்தன. ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் இருவருக்கும் ஆஃபர் ஷீட் (வேறு அணியின் வீரருக்குத் தரும் ஒப்பந்த முன்மொழிவு) நீட்டியது: ப்ரோபெர்குக்கு ஆண்டுக்குச் சுமார் 45.8 லட்சம், ஹாலோவேக்கு 22.9 லட்சம். யோசிக்க ஏழு நாள். எட்மன்டன் கூட்டிக் கழித்துப் பார்த்து இருவரையும் விட்டுவிட்டது. பதிலுக்குக் கிடைத்தவை இரண்டாம் சுற்றிலும் மூன்றாம் சுற்றிலும் ஒவ்வொரு டிராஃப்ட் வாய்ப்பு (இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை). அந்த இருவரின் விலை, புதிதாக வந்த இருவரின் விலையைவிடச் சற்றுக் குறைவுதான். அடுத்த சீசனில் ஹாலோவே ஒருவரே 63 புள்ளிகள் (அடித்த கோல்களும் கோலுக்கு உதவியவையும்) எடுத்தார். ஸ்கின்னரும் ஆர்விட்சனும் சேர்ந்து 56.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். ஜூன் இறுதிக்குள் இருவருக்கும் தகுதிச் சலுகையை (உரிமையைக் காக்க அணி முறைப்படி தரும் ஒப்பந்த முன்மொழிவு) கொடுத்துவிடுங்கள். அதைத் தவறவிட்டால் ஈடு கொடுக்கும் உரிமையும் போய்விடும். டிஃபென்ஸ் வீரர் இரண்டு சீசனாக அணியின் முதல் நான்கு டிஃபென்ஸ் வீரர்களில் ஒருவராக ஆடுகிறார் என்றால் நீண்ட ஒப்பந்தம் போடுங்கள். வரம்பில் சேர்வது அந்தந்த ஆண்டுச் சம்பளம் அல்ல, முழு ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரி. வரம்போ 2024–25-இல் 8.8 கோடி, 2026–27-க்கு 10.4 கோடி, அதற்கடுத்த சீசனுக்கு 11.35 கோடி. 60 லட்சம் சம்பளம் என்பது முதல் கணக்கில் ஏறத்தாழ 6.8 விழுக்காடு, கடைசிக் கணக்கில் 5.3. இன்று கொஞ்சம் அதிகமாகத் தெரியும் விலை, சில ஆண்டுகளில் மலிவாகிவிடும். (முகவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் அவர்களே குறுகிய ஒப்பந்தம் கேட்கிறார்கள்.)

விங்கர் விஷயத்தில் எனக்கு அவ்வளவு துணிவில்லை. ஒரே ஒரு நல்ல சீசனை நம்பி எட்டு ஆண்டு எழுதுவது சூதாட்டம். இரண்டு ஆண்டுக்கு எழுதுங்கள். முடியும்போது அவருக்கு 24 வயதுதான், அப்போதும் உரிமை உங்களிடமே இருக்கும்.

இதற்குப் பிறகு பெரிய ஃபார்வர்டுக்குப் பணம் போதாமல் போகலாம். அப்போது பழைய ஒப்பந்தம் ஒன்றை வர்த்தகத்தில் தள்ளிவிடப் பாருங்கள். பை-அவுட் (சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து ஒப்பந்தத்தை முறிப்பது) பக்கம் மட்டும் அவசரப்பட்டுப் போகாதீர்கள். மினசோட்டா வைல்ட் 2021-இல் ஸாக் பரீஸே, ரயன் சூட்டர் இருவரையும் அப்படி அனுப்பியது. தன் அணியில் ஆடாத அவர்களுக்காக 2023–24, 2024–25 இரண்டிலும் தலா சுமார் 1.47 கோடி வரம்பில் உட்கார்ந்திருந்தது.

இன்னொன்று. ஆஃபர் ஷீட் நீட்டும் அணி தன் சொந்த டிராஃப்ட் வாய்ப்புகளைத்தான் இழப்பீடாகத் தர வேண்டும். பிறரிடம் வாங்கியவை செல்லாது. ப்ளூஸ் கையெழுத்து வாங்கும் முன், பிட்ஸ்பர்கிடம் போயிருந்த தன் இரண்டாம் சுற்று வாய்ப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டது. உங்கள் நண்பர்களில் யாராவது காரணம் சொல்லாமல் பழைய வாய்ப்பைத் திரும்பக் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்டால், அன்றைக்கே விங்கரின் முகவரைக் கூப்பிடுங்கள்.