18%-இலிருந்து சட்டென்று 6%-க்கு விழும் எல்எஃப்பி பேட்டரி

உங்கள் மின்வாகனத்தின் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியை எப்போதும் 80%-இல் நிறுத்தி வருகிறீர்கள் என்றால், ஒரு தடவை 100% வரை மெதுவாக ஏற்றுங்கள். சார்ஜ் 18% காட்டிவிட்டு திடீரென 6%-க்கு விழுவது பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். பேட்டரி போய்விட்டது என்று இப்போதே பயப்பட வேண்டாம்.

எல்எஃப்பி செல்லின் வோல்டேஜ் நடுப்பகுதி முழுக்க 3.2, 3.3 என்று அசையாமல் நிற்கும். அதை வைத்து மிச்சத்தைச் சொல்ல முடியாததால், பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு) உள்ளே போன கரண்டையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்துத்தான் காட்டுகிறது. நீங்கள் எப்போதும் 80%-இல் நிறுத்துவதால் அந்தக் கணக்கில் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

இரவில் வீட்டு ஏசி சார்ஜரில் போடுங்கள். 100% வந்ததும் பிடுங்காதீர்கள். செல்களின் வோல்டேஜ் ஒன்றுக்கொன்று சமமாவதற்கு நேரம் எடுக்கும், தானாக நிற்கட்டும். அப்புறம் வீட்டுப் பக்கமாகவே ஓட்டி, 20%-க்குக் கீழே எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். மறுபடி குதித்தால் சர்வீஸில் செல் வோல்டேஜ் வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த) பேட்டரி வைத்திருப்பவர்கள் இப்படி 100% ஏற்றுவதை வழக்கமாக்க வேண்டாம்.