கையில் பிடித்து வீடியோ எடுக்க, கைக்கு அடக்கமான விலையில் ஜூம் லென்ஸ்: கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் சோனி இசட்வி-இ10 இருக்கிறது. கூடவே வந்த 16-50 லென்ஸில் கல்யாண மண்டபத்துக்குள் எடுத்தால் படம் மணல் தூவியதுபோல் வருகிறது. சிக்மா 18-50 எஃப் 2.8 வாங்கலாமா?

பதில்: வெளிச்சக் குறை தீரும். உங்கள் லென்ஸ் ஜூம் செய்து 50 மி.மீ.க்குப் போகும்போது எஃப் 5.6 ஆகிவிடுகிறது (எஃப் எண் கூடினால் ஒளி குறையும்). சிக்மா கடைசிவரை எஃப் 2.8, அந்த இடத்தில் நான்கு மடங்கு ஒளி. எடையும் சுமார் 290 கிராம்தான். ஆனால் அதில் அதிர்வுத் தணிப்பு கிடையாது, உங்கள் கேமராவின் உடலிலும் கிடையாது. கை நடுக்கம் அப்படியே பதிவாகும். கேமராவின் 'ஆக்டிவ்' வசதியை இயக்கினால் நடுக்கம் குறையும், ஆனால் படத்தின் ஓரங்கள் வெட்டுப்படும். கூட்டம் நெரிக்கும் மேடையருகே பின்னால் நகர்ந்து அதை ஈடுகட்டவும் முடியாது.

மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) வைத்து எடுப்பீர்கள் என்றால் சிக்மா. வெறும் கையில்தான் என்றால் டாம்ரான் 17-70 எஃப் 2.8 வி.சி. வாங்கப் பணம் சேரும்வரை காத்திருங்கள். விலை கூடுதல், 525 கிராம் கனம். ஆனாலும் ஒளியும் தணிப்பும் ஒன்றாகக் கிடைக்கின்றன. கடைக்காரர் எஃப் எண்ணைத்தான் முதலில் சொல்வார். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது லென்ஸின் பெயரில் ஓ.எஸ்.எஸ்., வி.சி., ஐ.எஸ்., வி.ஆர். ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்பதை. அதிர்வுத் தணிப்புக்கு ஒவ்வொரு நிறுவனமும் வைத்த பெயர்கள் இவை.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். கேனான் 200டி வைத்திருக்கிறேன். பழைய லென்ஸ் வாங்கினால் போதுமா?

பதில்: தாராளமாகப் போதும், தம்பி. 18-135 ஐ.எஸ். தேடுங்கள். பெயரின் முடிவில் எஸ்.டி.எம். அல்லது யு.எஸ்.எம். (சத்தமில்லாத ஃபோகஸ் மோட்டார் வகைகள்) இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத பழைய வகையும் விற்பனைக்கு வருகிறது. அதன் ஃபோகஸ் மோட்டார் எழுப்பும் சத்தம் ஒலிப்பதிவில் விழுந்துவிடும்.

வாங்குமுன் லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இது சாதாரணமாக வருவது. பிறகு 135 மி.மீ.க்கு இழுத்து, ஷட்டரைப் பாதி அழுத்தி, வியூஃபைண்டரில் பாருங்கள். ஆடிய காட்சி சட்டென்று நிலைக்க வேண்டும். நிலைக்காவிட்டால் தணிப்புப் பகுதி கெட்டிருக்கிறது.

கேள்வி: தணிப்பு உள்ள லென்ஸ்தான். ஆனாலும் நடந்துகொண்டே எடுத்தால் குதிக்கிறதே?

பதில்: லென்ஸுக்குள் இருக்கும் தணிப்பு, கேமரா மேல் கீழாகவோ இடம் வலமாகவோ சாய்வதைத்தான் திருத்தும். ஒவ்வோர் அடிக்கும் கேமரா முழுவதுமாக ஏறி இறங்குவதை அதனால் பிடிக்க முடியாது. ஜூமை முழுவதும் அகலத்துக்குக் கொண்டுவந்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, முட்டியை லேசாக மடக்கி நடந்து பாருங்கள். அதுவும் போதவில்லை என்றால் கிம்பல்தான் (கேமராவை மோட்டாரால் நிலையாகப் பிடிக்கும் கைப்பிடி) வழி. இதற்காக வேறு லென்ஸ் வாங்குவது வீண் செலவு.

கேள்வி: சோனியில், பதிவின் நடுவிலேயே ஜூம் செய்ய ஏற்றது எது?

பதில்: 18-105 எஃப் 4 ஜி ஓ.எஸ்.எஸ். 2013இல் வந்தது, இந்த விலையில் இன்றும் இதைத்தான் மனமாரச் சொல்வேன். ஜூம் செய்யும்போது எஃப் 4 மாறுவதில்லை, அதனால் காட்சி இடையில் இருளாது. ஜூமை மோட்டார் நகர்த்துவதால் கையால் திருப்பும் குலுக்கலும் இல்லை. லென்ஸ் வெளியே நீளாததால் கிம்பலின் சமநிலையும் குலையாது. 427 கிராம். நேர்கோடுகளை நன்றாகவே வளைக்கும். கேமராவில் அதற்கான திருத்தத்தை இயக்கியே வைத்திருங்கள். மண்டபத்தின் மங்கிய மூலைகளில் எஃப் 4 திணறும், அங்கே சிறிய எல்.இ.டி. விளக்கு ஒன்று உதவும்.

கேள்வி: 18-300 ஒன்றே எல்லாவற்றுக்கும் போதாதா?

பதில்: 300 மி.மீ.யில் மூச்சு விடுவதுகூடப் படத்தில் தெரியும். கையில் பிடித்து எடுக்க வேண்டாம்.

கேள்வி: டியூப்லைட் வெளிச்சத்தில் கோடு கோடாக ஓடுகிறது. லென்ஸ் கோளாறா?

பதில்: இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்கேற்ப டியூப்லைட் மினுமினுப்பதுதான் கோடாகத் தெரிகிறது. நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். அதே ஷட்டரோடு வெயிலுக்குப் போனால் படம் வெளுத்துவிடும், ஆகவே ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் வேண்டும். அளவு பார்த்து வாங்குங்கள்: சிக்மாவுக்கு 55, டாம்ரானுக்கு 67, சோனி 18-105க்கு 72 மி.மீ.