மீனவர் குப்பத்திலிருந்து ஏன் யாரும் வரவில்லை?

வணக்கம் சார்,

நாகை மாவட்டக் கடலோரத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். நண்பர்களோடு சேர்ந்து அறிவியல் நிகழ்ச்சிகள் நடத்துகிறோம். போன மாதம் ஒரு மாலை பள்ளி மைதானத்தில் தொலைநோக்கி வைத்தோம், கருந்துளை பற்றி ஓர் உரையும் இருந்தது. பக்கத்து மீனவர் குப்பத்தில் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தும் வந்தது வழக்கமான முகங்கள்தான். மீன் விற்கும் பெண்கள் ஒருவர்கூட இல்லை. இவர்களுக்கு அறிவியலில் ஆர்வமே கிடையாதா? அடுத்த முறை கோளரங்கக் கூடாரம் வாடகைக்கு எடுத்தால் வருவார்களா?

க.

அன்புள்ள க.,

வர மாட்டார்கள். கூடாரம் போட்டால் அதே வழக்கமான முகங்கள் இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக வரும், அவ்வளவுதான்.

மாலை நேரம் யாருக்கு வசதி என்று யோசித்தீர்களா? விடியுமுன் கடலுக்குப் போக வேண்டியவர் அப்போது படுக்கப் போவார். காலையில் ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையோடு தெருத்தெருவாக அலைந்த அம்மா அப்போதுதான் வீட்டுக்கு வந்து உலை வைத்திருப்பார். இடமும் பள்ளிக்கூடம். பாதியில் படிப்பை விட்டவருக்கு அந்த கேட்டைத் தாண்டி உள்ளே வரவே கூச்சமாக இருக்கும், ஆசிரியரான உங்களுக்கு அது கண்ணில் படாது.

ஆர்வம் இல்லை என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் தகவல் மையங்கள் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் மீனவர்களுக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான்: கடலுக்குப் போகலாமா, அலை எவ்வளவு உயரம் எழும்? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அந்தக் கணிப்பு இருந்தது. அதை இறக்கி, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். செயற்கைக்கோள், கணினிக் கணக்கு எல்லாம் அதற்குப் பின்னால் இருந்தன, யாரும் அதை அறிவியல் நிகழ்ச்சி என்று அழைக்கவில்லை, ஆனாலும் வலையைப் பிரித்துக்கொண்டே ஊர் காது கொடுத்துக் கேட்டது. அந்தத் திட்டத்தில் இருந்த இன்னொரு ஊர் நல்லவாடு. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் செய்ய, அந்த மையத்தின் ஒலிபெருக்கியில் சொல்லித்தான் ஊரையே வெளியேற்றினார்கள். சுனாமிக்காக வைத்த ஒலிபெருக்கி இல்லை அது. பாம்பனில் 2016-லிருந்து இயங்கும் 'கடல் ஓசை' என்ற மீனவர்களுக்கான சமுதாய வானொலியையும் ஒரு நாள் போய்ப் பாருங்கள், அலைவரிசை 90.4.

உங்கள் ஊர்ப் பெண்களிடம் கருந்துளை பேசக் கூடாது என்று சொல்லவில்லை. தாராளமாகப் பேசலாம், ஆனால் அதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீனை வெயிலில் ஐஸ் இல்லாமல் வைத்தால் பாக்டீரியா அதில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளை உண்டாக்கும். சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், அரிக்கும். நன்றாக வேகவைத்தாலும் அது போகாது, பார்வைக்கு மீன் நன்றாகவே இருக்கலாம். வாங்கியவர் அடுத்த நாள் வந்து சண்டை போடுவது விற்ற அம்மாவிடம்தான். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்கிறார்கள் நிபுணர்கள். அந்தக் காசுக்கு எங்கே போவது என்று உடனே உங்களைத் திருப்பிக் கேட்பார்கள், கேட்கட்டும், அதற்கு உங்களிடம் தயார் பதில் இருக்காது, அப்போது பேச்சு உண்மையாகவே சூடு பிடிக்கும். கொடுவாவையும் சூரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது சீக்கிரம் கெடும் என்று நீங்கள் அவர்களிடம் கேட்கலாம், நிச்சயம் உங்களைவிட நன்றாகச் சொல்வார்கள். ஏன் என்பதைப் பிறகு சேர்ந்து பேசலாம்.

தொலைநோக்கியை மூட்டை கட்டி வைக்க வேண்டாம். விடிவெள்ளி கிழக்கே தெரியும் மாதங்களில், படகு கிளம்புமுன் அதைக் கரைக்குக் கொண்டு போங்கள். சில வாரங்களில் வெள்ளி சின்னத் தொலைநோக்கியிலும் பிறையாகத் தெரியும். நாள் தவறாமல் அதைப் பார்ப்பவர்கள் அவர்கள், பிறையைக் கண்டதும் கேள்வி தானாக வரும்.

கூடார வாடகைப் பணத்தில் இரண்டு ஐஸ் பெட்டியும் தெர்மாமீட்டரும் வாங்குங்கள். ஏலக்கூடத்தில், வியாபாரம் முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் நிகழ்ச்சியை வையுங்கள், கால் மணி நேரம் போதும். அங்கே பேச அந்த அம்மாக்களிலேயே இருவரைக் கூப்பிடுங்கள், அன்றைய வியாபாரம் கெடும் என்றால் அதற்கான காசையும் கொடுத்துவிடுங்கள்.