நடுத்தர வயதில் ஆண்டுதோறும் முழு உடல் பரிசோதனை செய்துகொள்வது அவசியமா?

தேர்ந்தெடுத்த சில பரிசோதனைகள் அவசியம். 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' என்ற பெயரில் மொத்தமாக விற்கப்படும் நீண்ட பட்டியல் பெரும்பாலும் அவசியமில்லை.

நோய் அறிகுறி இல்லாதவர்களுக்குச் செய்யப்படும் பொதுப் பரிசோதனைகள் இறப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று, 17 ஆய்வுகளில் பங்கேற்ற சுமார் 2.5 லட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வு 2019இல் கூறியது. ஆனால் அவை மேலை நாடுகளில் நடந்த ஆய்வுகள். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருப்பதே தெரியாமல் பல ஆண்டுகளைக் கடத்துவோர் நிறைந்த நம் ஊருக்கு அம்முடிவை அப்படியே பொருத்த முடியாது என்பது என் கருத்து.

இரத்த அழுத்தம் சிறுநீரகத்தைப் பாதிக்கும்வரை வலி எதையும் தராமலே இருக்கக்கூடும். அதை அளக்க ஓரிரு நிமிடங்கள் போதும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை; எடையைக் குறைத்து, நாள்தோறும் நடந்தால், நோயைத் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ இயலும். கொழுப்பு அளவும், பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் இவ்வாறே பயன் தருபவை. அரசுத் திட்டத்தில் 30 வயதைக் கடந்தவர்களுக்கு இவற்றுள் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசம் (விளம்பரம்தான் குறைவு).

மாறாக, அறிகுறி ஏதுமின்றிச் செய்யப்படும் சிஏ-125, சிஇஏ போன்ற புற்றுநோய்க் குறியீட்டுச் சோதனைகள், புற்றுநோய் இல்லாதவர்களிடமும் உயர்ந்து காட்டி, ஸ்கேன், திசுப் பரிசோதனை என்று வீண் செலவிலும் அச்சத்திலும் கொண்டுபோய்விடக்கூடும்.