வேர்ட்பிரஸ்.காம் தளத்தில் ஒட்டிய ஜாவாஸ்கிரிப்ட் ஏன் காணாமல் போகிறது?

ஜாவாஸ்கிரிப்ட் என்பது பக்கத்தைத் திறப்பவரின் பிரவுசருக்குள் ஓடும் கட்டளைகள். அவர் தட்டச்சு செய்வதைப் படித்து வேறெங்காவது அனுப்பக்கூட அதனால் முடியும். இணையதளம் அமைத்துத் தரும் சேவையான வேர்ட்பிரஸ்.காமின் இலவசத் திட்டத்தில் ஏராளமான தளங்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், பாதுகாப்புக்காக ஸ்கிரிப்ட் வரிகளை அது நீக்கிவிடுகிறது. வாடகை வீட்டில் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கலாம். மெயின் போர்டில் கை வைத்தால் ஓனர் சும்மா இருப்பாரா? பக்கத்து வீட்டுக்கும் அதே லைன்தானே!

பிளகின் (தளத்தில் கூடுதல் வசதி சேர்க்கும் துணை மென்பொருள்) நிறுவ அனுமதிக்கும் கட்டணத் திட்டத்துக்கு மாறினால் ஸ்கிரிப்ட் சேர்க்கலாம். வெறும் யூடியூப் வீடியோவுக்காக என்றால் இந்தச் செலவே வேண்டாம், அதன் இணைப்பை ஒட்டினாலே போதும்.

அப்புறம், ‘வேர்ட்பிரஸில் ஜாவாஸ்கிரிப்டே போட முடியாது’ என்று பலர் சொல்வது சரியல்ல. வேர்ட்பிரஸ்.காம் தளங்கள் ஓடும் அதே வேர்ட்பிரஸ் மென்பொருளை, தனியாக ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகைக்குக் கிடைக்கும் சர்வர் இடம்) வாங்கி நிறுவினால் இந்தத் தடை கிடையாது.