“பரவாயில்லை டொக்டர்”

வாசகர் கடிதம்:

வணக்கம் தங்கச்சி. எனக்கு 57 வயது, அந்த உரிமையில் அப்படிக் கூப்பிடுகிறேன். வடமராட்சியில் இருக்கிறேன். மார்புப் புற்றுநோய்க்கு ஒப்பரேஷன், ஊசி, கதிர் எல்லாம் முடிந்து லெற்றோசோல் குளிசை தொடங்கி ஒன்றரை வருடம். ஐந்து வருடம் போட வேணுமாம். காலையில் எழும்பினால் கைவிரல் மடங்காது, தேங்காய் திருவ ஏலாது. இரவில் உடம்பு தீயாய் எரிந்து சட்டை நனைந்து பிறகு குளிர்கிறது. வீட்டில் “அதுதான் வருத்தம் மாறிட்டுதே, இன்னும் என்ன” என்கிறார்கள். உண்மையைச் சொன்னால், போன மாதம் முழுக்க நான் குளிசை போடவில்லை. கை கொஞ்சம் இளகியிருக்கிறது. கிளினிக்கில் சொல்லவில்லை, டொக்டர் ஏசுவார் என்று பயம். நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? இன்னொன்று, சோயா மீற் சாப்பிடலாமா?

பதில்:

அன்புள்ள அக்கா,

ஒரு மாதம் விட்டதை நினைத்து இரவிரவாக யோசிக்க வேண்டாம். மூட்டு நோ தாங்க முடியாதவர்களுக்கு டொக்டர்மாரே இரண்டு மூன்று கிழமை குளிசையை நிற்பாட்டிப் பார்ப்பதுண்டு. நோ குறைந்தால் அது குளிசையின் வேலை என்று தெரிந்துவிடும். நீங்கள் அதை யாருக்கும் சொல்லாமல் செய்துவிட்டீர்கள், அவ்வளவுதான். ஆனால் அடுத்த கிளினிக்கில் முதலில் வாயைத் திறந்து சொல்ல வேண்டியது இதைத்தான். சொல்லாவிட்டால் நீங்கள் ஒழுங்காகப் போடுகிறீர்கள் என்று நினைத்து அதே குளிசையை அவர்கள் திரும்ப எழுதித் தருவார்கள், நீங்களும் வாங்கிக்கொண்டு வந்து அலுமாரிக்குள் வைப்பீர்கள். என்னிடமும் அப்படி ஒரு அலுமாரி இருந்தது.

எனக்கு 2018இல் ஒப்பரேஷன். அப்போது மாதவிடாய் நிற்காததால் தமொக்சிபென் தந்தார்கள். (1962இல் இங்கிலாந்தில் கருத்தடை மருந்து தேடியபோது செய்த சாமான் இது. அந்த வேலைக்கு உதவாமல் போய்த்தான் நமக்கு வந்து சேர்ந்தது.) இரண்டரை வருடத்துக்குப் பிறகு லெற்றோசோலுக்கு மாற்றினார்கள். மூன்றாம் மாதம் ஒரு காலை தண்ணீர்த் தாங்கியின் பைப்பைத் திருகப் போனேன், விரல்கள் கேட்கவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் அமத்திப் பிடித்துத் திருகினேன். மோதிரவிரல் மடங்கினால் மடங்கினபடி நிற்கும், மற்றக் கையால் நிமிர்த்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம்.

கிளினிக்கில் சொன்னேன். “வயசுக்கு இதெல்லாம் வரும் அம்மா” என்றார் ஒருவர். எனக்கு அப்போது 47. பிறகு ஒரு வருடம் “எப்படி இருக்கிறீங்கள்?” என்று கேட்டால் “பரவாயில்லை டொக்டர்” என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துகொண்டிருந்தேன். வெளியில் ஐம்பது பேர் வாங்கில் இருக்கிறார்கள், உள்ளே நமக்கு ஐந்து நிமிஷம், அதற்குள் எதைச் சொல்வது? இந்தப் ‘பரவாயில்லை’யைப் போல நம்மைக் கெடுத்தது வேறொன்றுமில்லை.

இந்த நோ ஏன் வருகிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் சொல்கிறேன். மாதவிடாய் நின்றால் சூலகம் ஓய்ந்துவிடும், ஆனால் உடம்பு ஈஸ்ட்ரஜின் என்ற பெண் ஓமோனைச் செய்வதை விடாது. அதிரனல் சுரப்பி தருகிற வேறு ஓமோன்களை, கொழுப்பிலும் தசையிலும் இருக்கிற அரோமற்றேஸ் என்ற நொதியம் ஈஸ்ட்ரஜினாக மாற்றிக்கொண்டே இருக்கும். லெற்றோசோல் அந்த நொதியத்தைக் கட்டிப்போடுகிறது. மிச்சமிருந்த கொஞ்ச ஈஸ்ட்ரஜினும் இல்லாமல் போக, மூட்டு, எலும்பு, மூளையில் சூட்டைப் பார்த்துக்கொள்கிற இடம் எல்லாம் முறைப்பாடு வைக்கத் தொடங்கும். ஆகவே உங்கள் கையில் இருப்பது மனப்பிரமை இல்லை. வீட்டாருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

அப்படியென்றால் ஏன் போட வேணும்? ஓமோனுக்கு வளர்கிற வகைப் புற்றுநோயில், ஐந்து வருடம் தமொக்சிபென் போட்டவர்களிடம், குளிசை தொடங்கியதிலிருந்து 15 வருடங்களில் அந்த நோயால் வரும் சாவு கிட்டத்தட்ட மூன்றிலொன்று குறைந்திருக்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்கு உங்களுடைய குளிசை அதைவிடவும் கொஞ்சம் கூடுதலாகக் காக்கிறது. எனக்கு இந்தக் கணக்குத்தான் அலுமாரியைத் திறப்பித்தது.

ஒரு கிளினிக் நாளுக்கு முதல் இரவு, பழைய கொப்பியில் தாள் கிழித்து மூன்று வரி எழுதினேன். காலையில் விரல் மடங்க எத்தனை நிமிஷம் செல்கிறது, இரவில் எத்தனை தரம் எழும்புகிறேன், எத்தனை நாள் குளிசை போடவில்லை. பேசாமல் தாளை மேசையில் வைத்தேன். அன்றிருந்த டொக்டர், சின்னப் பிள்ளை, இரண்டு தரம் வாசித்தார். மூன்று கிழமை நிற்பாட்டச் சொல்லிவிட்டு எக்ஸமெஸ்ரேனுக்கு மாற்றினார். ஒரே கூட்டத்து மருந்துதான், ஆனால் ஒன்று ஒத்துவராதவருக்கு மற்றது ஒத்துவருவதுண்டு. எனக்கு நோ போகவில்லை, பாதியானது. பாதி என்பது பைப்பைத் திருகலாம் என்று அர்த்தம்.

மிச்சத்தைக் குறைத்தது நடை. சிரிக்க வேண்டாம், நோகிற மூட்டோடு நடக்கச் சொன்னபோது எனக்கும் கோபம்தான் வந்தது. 2015இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், இதே வகைக் குளிசை போடும் பெண்கள் கிழமைக்கு 150 நிமிஷம் வியர்க்க நடந்து, இரண்டு நாள் பாரம் தூக்கும் பயிற்சியும் செய்தார்கள். ஒரு வருடத்தில் மூட்டு நோ 30 வீதமளவு குறைந்தது. நான் விடிய ஐந்தரைக்கு ஒழுங்கையால் இறங்கி கோயில் வீதியை மூன்று சுற்றுச் சுற்றுவேன். பாரத்துக்கு ஒரு லீற்றர்ப் போத்தல் இரண்டில் தண்ணீர். எலும்புக்கும் இது நல்லது, இந்தக் குளிசை எலும்பை மெலிய வைக்கும். எலும்பு அடர்த்தி ஸ்கான் எடுத்தார்களா என்று கேளுங்கள், கல்சியமும் விற்றமின் டீயும் பற்றிக் கேளுங்கள். நெத்தலியும் குரக்கன் கூழும் வீட்டிலேயே இருக்கின்றன.

வெக்கைக்கு வருகிறேன். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற காலத்தில் பான் இல்லாமல், பனையோலை விசிறியோடு சீமெந்துத் தரையில் படுத்தேன். வெக்கை அடங்கியது, விடிய எழும்பத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். எனக்கு இரவுத் தேத்தண்ணியும் உறைப்புக் கறியும்தான் வெக்கையைக் கிளப்புகின்றன என்று கொப்பியில் குறித்து வைத்துத்தான் கண்டுபிடித்தேன், உங்களுக்கு வேறு ஏதாவதாக இருக்கலாம். பருத்திச் சோட்டி, தலைமாட்டில் ஈரத் துவாய். இதற்கும் அடங்காவிட்டால் ஓமோன் இல்லாத குளிசைகள் இருக்கின்றன, டொக்டரிடம் கேட்கலாம். தமொக்சிபென் போடுகிறவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு விஷயம்: மனச்சோர்வுக்குத் தரும் பரொக்செற்றீன், புளுவொக்செற்றீன் இரண்டும் தமொக்சிபெனின் வேலையைக் கெடுக்கக்கூடும், ஆகவே போடுகிற எல்லா மருந்தையும் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டாலோ அடுத்த கிளினிக் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் நானே எழுதிவிடுகிறேன். கீழே உலர்ந்துபோய் எரியும், மனுசனோடு சேர்வது நோகும், சலம் போகும்போது கடுக்கும். நம் ஊரில் இதை டொக்டரிடம் சொல்லவே மாட்டோம், ஆண் டொக்டர் என்றால் சாகும்வரை மாட்டோம். மிஸ்ஸியிடமாவது சொல்லுங்கள். ஓமோன் கலக்காத ஈரப்பத ஜெல் இருக்கிறது. ஈஸ்ட்ரஜின் கிறீமை மட்டும் புற்றுநோய் டொக்டரைக் கேட்காமல் பாமசியில் வாங்கிப் பூச வேண்டாம்.

சோயா மீற் சாப்பிடலாம் அக்கா. சாப்பாட்டளவில் சோயாவால் கெடுதல் இல்லை. சோயாச் சத்து என்று போத்தலில் விற்கும் வில்லைகளைத் தொடவேண்டாம். தேங்காயை வீட்டில் “இன்னும் என்ன” என்று கேட்கிறவர் திருவட்டும்.