கத்தியைத் திருப்பிப் பாருங்கள்

சொசேஜ் செய்யக் கல்லடியில் வாங்கிய கை அரைவை இயந்திரத்தில் மாட்டிறைச்சி பசையாகிறது, அதன் புனலாலேயே ஆட்டுக்குடலில் நிரப்பினால் குடல் வெடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இயந்திரத்தை விற்றுவிடாதீர்கள். முதலில் கத்தியைக் கழற்றிப் பாருங்கள். அதன் தட்டையான பக்கம் துளைத்தட்டோடு ஒட்டியிருக்க வேண்டும். நான் ஒரு மாதம் அதைத் திருப்பிப் போட்டே அரைத்தேன். இறைச்சி வெட்டுப்படாமல் நசுங்கி, கொழுப்பு கஞ்சிபோல் வழிந்தது. மட்டக்களப்பு வெக்கையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். துண்டுகளை ஓரம் விறைக்கும்வரை உறைபெட்டியில் வையுங்கள், இயந்திரத்தின் பாகங்களையும் கூடவே.

சொசேஜ் நிரப்ப அரைவை இயந்திரம் வேண்டாம். இரண்டாம் தடவையும் நசுக்கிவிடும். திருகுப்பிடி உள்ள சில்வர் முறுக்கு உரல் ஒன்று போதும். அச்சுக்குப் பதிலாக, நடுவில் 12 மில்லிமீற்றர் சில்வர் குழாய் வைத்த தட்டொன்றைப் பட்டறையில் செய்வியுங்கள். ஆட்டுக்குடலுக்கு அந்த அளவு சரி. நாகம் (துத்தநாகம்) பூசிய நீர்க்குழாய் வேண்டவே வேண்டாம்: கலவையில் விடும் வினாகிரி பட்டால் நாகம் கரைந்து இறைச்சியில் சேரும். குழாயின் வாயை அரத்தால் ராவி, விரலால் தடவிப் பாருங்கள். விரலில் கீறினால் குடலும் கிழியும். நிரப்பும்போது, அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்குத் தளர்வாக விடுங்கள். காற்றுக் குமிழி தெரிந்த இடத்தில் ஊசியால் குத்துங்கள்.